புத்தகம் சொன்னதும் புகைப்படம் காட்டியதும்

என் வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. அதில் நகையும் இல்லை, பத்திரமும் இல்லை. நாற்பத்து மூன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 8 அங்குலத்துக்கு 10 அங்குலம். 1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட் நிறுவனங்கள் புகழ்பெற்ற நாவல்களையும் நாடகங்களையும் படமாக்கியபோது, பத்திரிகைகளுக்கும் திரையரங்குகளுக்கும் அனுப்புவதற்காக எடுத்த விளம்பரப் படங்கள் அவை. நம் ஊர் சினிமாக்காரர்கள் ‘ஸ்டில்’ என்று சொல்வது இதைத்தான்.

“இந்தக் காசுக்குக் கொஞ்சம் தங்கம் வாங்கியிருக்கலாம்” என்று என் கணவர் அவ்வப்போது சொல்வார். முதல் படத்தைச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மலைப்பாறையின் மேல் ஓர் ஆணும் பெண்ணும். ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு அது ‘உதரிங் ஹைட்ஸ்’ என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பொழுதுபோக்காகத் தொடங்கிய சேகரிப்பு, நான்கு ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைக்குள் வந்தது. வந்த பிறகு, மாணவர்களுக்குக் கற்பிக்க நினைத்ததைவிட நான் கற்றுக்கொண்டதே அதிகம். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் நான் செய்து பார்த்த அந்தச் செயல்பாட்டை ஆசிரியர் நண்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்டில் என்பது எது?

பலரும் நினைப்பதுபோல ஸ்டில் என்பது ஓடும் படச்சுருளிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு அல்ல. அது தனியாக எடுக்கப்பட்ட புகைப்படம். ஒரு காட்சியைப் படமாக்கி முடித்ததும், படப்பிடிப்புத் தளத்திலேயே இருக்கும் புகைப்படக் கலைஞர் தன் பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்துவார். நடிகர்கள் அதே இடத்தில் மீண்டும் நின்று, அசையாமல் இருப்பார்கள். ‘ஸ்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே அசைவற்றது என்றுதான் பொருள். கேமரா பெரியது என்பதால் படச்சுருளில் தெரியாத துணி மடிப்பும் கண்ணிமையும்கூட ஸ்டில்லில் துல்லியமாகத் தெரியும்.

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனித் துறை வைத்திருந்தன. எம்.ஜி.எம். நிறுவனத்தில் கிளாரன்ஸ் சின்க்ளேர் புல் என்பவர் அத்துறைக்குத் தலைவராக இருந்தார். நடிகர்களின் முகப் படங்களில் சுருக்கங்களையும் தழும்புகளையும் நெகட்டிவிலேயே பென்சிலால் திருத்தி மறைப்பது அன்றாட வேலை. இன்று கைப்பேசிச் செயலி செய்வதை அன்று கை செய்தது.

ஆகவே ஸ்டில் என்பது புத்தகமும் அல்ல, திரைப்படமும் அல்ல. ‘இந்தப் படத்தைப் பார்க்க வாருங்கள்’ என்று அழைப்பதற்காகச் செய்யப்பட்ட மூன்றாவது பொருள். எந்த முகம், எந்த உடை, எந்த நொடி என்று யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வை மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

பின்பக்கத்தையும் படியுங்கள்

ஒரு ஸ்டில் கையில் கிடைத்தால் நாம் முன்பக்கத்தை மட்டும் பார்ப்போம். சேகரிப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். பல படங்களின் பின்புறத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். படத்தின் பெயர், நடிகர்களின் பெயர், காட்சி விவரம், நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். சில படங்களில் செய்தித்தாள் அலுவலகத்தின் தேதி முத்திரை இருக்கும். எந்தப் பகுதியை வெட்டி அச்சிட வேண்டும் என்று மெழுகுப் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். முன்பக்கத்தின் கீழ் ஓரத்தில் சிறிய எண் ஒன்று இருக்கும். எந்தப் படம், அதில் எத்தனையாவது ஸ்டில் என்பதற்கான குறியீடு அது.

வகுப்பில் இந்தப் பின்பக்கத்தையே முதலில் காட்டினேன். “யார் எழுதியது? யாருக்காக எழுதியது? எதைச் சொல்லவில்லை?” என்ற மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன். மூன்று பாடவேளையும் அவை அழியாமல் இருந்தன.

முதல் பாடவேளை: சொல்லிலிருந்து உருவம்

முதல் நாள் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1818-இல் வெளிவந்த நாவல். எழுதத் தொடங்கும்போது ஆசிரியருக்கு வயது பதினெட்டு. இதைச் சொன்னதுமே வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

படம் எதையும் காட்டாமல், நாவலில் வரும் அந்த உயிரின் தோற்றத்தை எளிய ஆங்கிலத்தில் நானே ஐந்து வரிகளாக எழுதிப் போட்டேன். எட்டடி உயரம், மஞ்சள் நிறத் தோல், நீண்டு வழியும் கறுப்புத் தலைமுடி, வெள்ளைவெளேரென்ற பற்கள், கறுத்த உதடுகள். மாணவர்கள் அகராதி பார்த்துப் பொருள் கண்டு, வாசித்ததை மட்டுமே கொண்டு வரைந்தார்கள். பெயரடைச் சொற்களைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு சொல்லை விட்டால் படத்தில் ஓர் உறுப்பு விட்டுப்போகும்.

பிறகு யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் எடுத்த படத்தின் ஸ்டில்லை ஸ்மார்ட் போர்டில் காட்டினேன். தட்டையான தலை, கனத்த இமைகள், கழுத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டுகள். நடித்தவர் போரிஸ் கார்லாஃப்; ஒப்பனை ஜாக் பியர்ஸ். “டீச்சர், கழுத்துல போல்ட்டு இருக்கறதா நீங்க எழுதவே இல்லையே!” என்று ஒரு மாணவன் என்மீதே குற்றம் சாட்டினான். நான் எழுதவில்லை, மேரி ஷெல்லியும் எழுதவில்லை. ஆனால் இன்று உலகம் முழுவதும் ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் நினைவுக்கு வருவது அந்தப் போல்ட்டுதான். அந்தப் பெயர்கூட அதை உருவாக்கியவருடையது. அந்த உயிருக்கு நாவலில் பெயரே கிடையாது. நாவலில் அது புத்தகம் படிக்கும், தன் துயரத்தை நீளமாக எடுத்துச் சொல்லும். படத்தில் பேச்சே இல்லை, உறுமல்தான்.

“அப்போ பேச விட்டிருந்தா நாம பயப்பட மாட்டோம், பாவப்படுவோம்” என்றாள் ஒரு மாணவி. நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

இரண்டாம் பாடவேளை: உடையும் வயதும்

அடுத்த வகுப்பில் இரண்டு ஸ்டில்கள். முதலாவது, 1940-இல் எம்.ஜி.எம். எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. கிரீர் கார்சனும் லாரன்ஸ் ஒலிவியரும் நடித்தது. ஜேன் ஆஸ்டினின் நாவல் 1813-இல் வெளிவந்தது. அக்காலத்து ஆங்கிலப் பெண்களின் உடை மார்புக்குச் சற்றுக் கீழே இறுக்கி, அங்கிருந்து நேராக விழும். அந்தக் காலத்து உடை ஓவியம் ஒன்றையும் ஸ்டில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐந்து வேறுபாடுகள் எழுதச் சொன்னேன். ஸ்டில்லில் உப்பிய கைகள், குடைபோல் விரிந்த பாவாடை, பெரிய நாடா கட்டிய தொப்பிகள். உடை வடிவமைத்த அட்ரியன், கதையை ஏறத்தாழ 1830-களின் உடைக்கு நகர்த்திவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். “அதுதான் போஸ்டர்ல பளிச்சுனு தெரியும்” என்று பதில் வந்தது. ஜவுளிக் கடை விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்; அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இரண்டாவது, 1936-இல் வந்த ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினான்கு வயது நிறைய இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. ஏறத்தாழ என் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் வயது. படத்தில் ஜூலியட்டாக நடித்த நார்மா ஷியரர் முப்பதைக் கடந்தவர். ரோமியோவாக நடித்த லெஸ்லி ஹாவர்ட் நாற்பதைக் கடந்தவர். இதைக் கேட்டு வகுப்பு சிரித்து அடங்கிய பிறகு ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: “பெரியவங்க நடிச்சா அது காதல் கதை மாதிரி இருக்கு. நம்ம வயசுப் பொண்ணு நடிச்சிருந்தா?” குழந்தைத் திருமணத்தைப் பற்றிப் பேச எனக்குத் தனியாக ஒரு நாள் தேவைப்படவில்லை. அந்தப் பாடவேளையின் மீதி இருபது நிமிடமும் அதற்கே போனது.

மூன்றாம் பாடவேளை: யாருடைய முகம்?

மூன்றாம் நாள், நான் முப்பது ரூபாய்க்கு வாங்கிய முதல் படம். எமிலி பிராண்டி 1847-இல் வெளியிட்ட ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலை வில்லியம் வைலர் 1939-இல் இயக்கினார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டுநிலத்தைக் கலிபோர்னியாவில் உருவாக்கினார்கள். 34 அதிகாரங்களில், அடுத்த தலைமுறையின் கதை முழுவதையும் விட்டுவிட்டார்கள். ஆனால் நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்பியது வேறு.

நாவலில் ஹீத்கிளிஃப் கறுத்த நிறமுடையவன். லிவர்பூல் துறைமுக நகரத் தெருவில் அனாதையாகக் கிடந்த சிறுவன். அவனைப் பார்க்கும் ஒருவர், இவன் ஒரு லாஸ்கரின் பிள்ளையாக இருக்குமோ என்று ஊகிக்கிறார். லாஸ்கர் என்பது அன்று ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளைக் குறிக்கும் சொல். கதையில் அவன் படும் இழிவுகளுக்கெல்லாம் அந்த நிறமும் ஒரு காரணம். படத்தில் அவனாக நடித்தவரோ லாரன்ஸ் ஒலிவியர் என்ற வெள்ளை ஆங்கிலேயர்.

அவர் பக்கத்தில் கேத்தியாக நிற்பவர் மெர்ல் ஓபரான். விளம்பரக் குறிப்புகள் அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று சொல்லிவந்தன. உண்மையில் அவர் 1911-இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். தாய்வழிக் குடும்பத்தின் வேர் இலங்கையில் இருந்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்ற அவர், தன் பிறப்பை வாழ்நாள் முழுவதும் மறைத்து வாழ்ந்தார். 1979-இல் அவர் மறைந்த பிறகே உண்மை பரவலாகத் தெரிந்தது.

மறைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை நெறிகள், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டத் தடை விதித்தன. பெர்ல் பக்கின் சீன விவசாயிகளைப் பற்றிய ‘தி குட் எர்த்’ நாவல் 1937-இல் படமானபோது, கணவன் மனைவியாக நடித்த பால் முனி, லூயிஸ் ரெய்னர் இருவரும் ஐரோப்பாவில் பிறந்தவர்கள். ரெய்னருக்கு அதற்காக ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

ஆகவே அந்த ஒரு ஸ்டில்லில் இரண்டு தலைகீழ் மாற்றங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் இந்தியனோ என்று ஐயப்படத் தக்கவன் வெள்ளைக்காரனாக நிற்கிறான். உண்மையில் இந்தியாவில் பிறந்த பெண் வெள்ளைக்காரியாக நிற்கிறாள். படத்தைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கத் தாளில் அவர் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. ‘எதைச் சொல்லவில்லை?’ என்ற மூன்றாவது கேள்விக்கு அதுதான் பதில்.

வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசைக்கு முந்தைய பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். ஆங்கிலத்தை அவளைப்போல் வாசிப்பவர் அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை.

“டீச்சர், நம்ம ஆண்டு விழா நாடகத்துலயும் அப்படித்தானே செஞ்சோம்?”

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. முந்தைய ஆண்டு விழாவில் ‘சிண்ட்ரெல்லா’ நாடகம் போட்டோம். வசனத்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்து வந்தவள் அவள்தான். “உன் குரல் நல்லா இருக்கும்மா, நீ திரைக்குப் பின்னால நின்னு மைக்ல கதை வாசி” என்று நான்தான் சொன்னேன். சிண்ட்ரெல்லாவாக நின்ற பிள்ளை உச்சரிக்கத் தடுமாறியது. ஆனால் சிவப்பாக இருந்தது. அன்று எனக்கு அது ஒரு முடிவாகவே தோன்றவில்லை. இயல்பாகத் தோன்றியது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அந்த இடத்தில் நான் சமாளித்திருக்கலாம். பாடவேளை முடிய எட்டு நிமிடம் இருந்தது. “ஆமாம்மா, தப்பு செஞ்சுட்டேன்” என்று சொன்னேன். மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் அழவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சேகரிக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

இணையத்தில் பழைய ஸ்டில்கள் ஏலத்தில் கிடைக்கின்றன. அசல் என்று நம்பி நான் ஒருமுறை மறுபதிப்பை வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதன்பின் கற்றவை இவை.

தாளைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள புகைப்படத் தாள் பரவலானது 1970-களில்தான். 1930-களின் படம் அந்தத் தாளில் இருந்தால் அது பிற்காலப் பிரதி. உருப்பெருக்கியில் பார்க்கும்போது சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால், அது புகைப்படமே அல்ல, அச்சகத்தில் அச்சானது. பழைய அசல்களில் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு வெள்ளிப் பளபளப்பு ஏறியிருக்கும். பின்பக்கத் தாளும் முத்திரையும் இருந்தால் நல்லது. அவற்றையும் போலியாகச் செய்யலாம் என்பதால் அவற்றை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பாதுகாக்கும்போது படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். சாதாரண பி.வி.சி. உறையில் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற தாளோ நல்லது. பின்பக்கத்தில் பேனாவால் எழுதாதீர்கள். தேவையென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள். முக்கியமாக, லேமினேஷன் செய்யாதீர்கள். வகுப்பில் கசங்காமல் இருக்கட்டும் என்று ஓர் அசலை லேமினேஷன் செய்துவிட்டேன். இனி அதைப் பிரிக்கவே முடியாது. இப்போது வகுப்புக்குப் போவது நகல்களும் திரைக் காட்சியும்தான். அசல்கள் பெட்டியில் இருக்கின்றன.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியர் படைப்புகளைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆனால் நகலெடுத்து விற்பதும் சமூக ஊடகங்களில் பரப்புவதும் வேறு விஷயம்.

ஹாலிவுட் படம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. என்னிடம் இருந்தது அது. அதனால் அதைக் கொண்டு செய்தேன். தமிழாசிரியர்களுக்கு அருமையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதே 1939-இல் கல்கியின் ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாக கே. சுப்ரமணியம் இயக்கிய படத்தின் ஸ்டில்களே கதையோடு அச்சாயின. வாசகர்கள் கதையைப் படிக்கும்போதே நடிகர்களின் முகத்தோடுதான் படித்தார்கள். அது வாசிப்புக்கு உதவியதா, கற்பனையைக் கட்டிப்போட்டதா என்பது மேல்நிலை வகுப்புகளில் விவாதிக்கத் தக்க கேள்வி.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு கதையை முதலில் சொல்லி வரையச் செய்து, பிறகு பாடநூலில் உள்ள ஓவியத்தைக் காட்டலாம். நம் பள்ளிகளில் நடைபெறும் சிறார் திரைப்படத் திரையிடலுக்கு முன், அந்தப் படத்தின் சுவரொட்டியை மட்டும் காட்டிக் கதையை ஊகிக்கச் செய்யலாம். எதுவானாலும் வரிசை முக்கியம். முதலில் சொல், பிறகு படம். படம் முதலில் வந்துவிட்டால் பிள்ளைகள் சொல்லைத் தேட மாட்டார்கள். கூடவே அந்த மூன்று கேள்விகள் போதும்: யார் செய்தது, யாருக்காகச் செய்தது, எதைச் சொல்லவில்லை.

பெட்டியில் கடைசியாகச் சேர்ந்த படம்

அடுத்த ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொண்டோம். யாருக்கு எந்த வேடம் என்பதை நான் முடிவு செய்யவில்லை. எல்லோரும் திரைக்குப் பின்னால் நின்று வசனம் வாசித்தார்கள். குரலை மட்டும் கேட்டு வகுப்பே தேர்ந்தெடுத்தது. போர்ஷியாவாக வந்தவள் அந்த மாணவிதான். கறுப்பு அங்கி அணிந்து மேடையின் நடுவில் நின்று அவள் பேசி முடித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த அவளுடைய அம்மா எழுந்து நின்றார். கைதட்டக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தார்.

காட்சி முடிந்ததும் எல்லோரையும் அதே இடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். அதை 8 அங்குலத்துக்கு 10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். பின்பக்கத்தில் ஒட்டுவதற்கான தாளை அவளையே எழுதச் சொன்னேன். நாடகத்தின் பெயர், காட்சி, நடித்தவர்களின் பெயர் எல்லாம் எழுதினாள். கடைசியில், நான் சொல்லாமலே, ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் ஊரை எழுதியிருந்தாள்.

என் பெட்டியில் நாற்பத்து நான்காவது படம் அது.